பிஸ்மத் படிகம் 77 கெல்வினில் காந்தத்தை ஏன் நழுவ விடுகிறது?

கேள்வி, சுருக்கமாக: சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டுத் திட்டப்பணி. கையில் பிஸ்மத்-2212 (பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு மீகடத்தி) ஒற்றைப் படிகம் இருக்கிறது. மின்தடை மறையும் மாறுநிலை வெப்பநிலை 88 கெல்வின், மாற்றமும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் திரவ நைட்ரஜனில் வைத்து, மேலே ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை வைத்தால் வழுக்கி விழுகிறது. செய்முறைப் பெட்டியில் வந்த ஒய்பிசிஓ (இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு) வில்லை அதே காந்தத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் பிடித்துக்கொள்கிறது. 77 கெல்வினில் எடுத்த தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளையம்) ஒரே கோடாக மூடிக் கிடக்கிறது. 20 கெல்வினில் அகலமாகத் திறக்கிறது. படிகம் கெட்டுவிட்டதா? பின்னிங்கை, அதாவது உள்ளே நுழைந்த காந்தப்புலத்தை நகராமல் பிடித்துவைக்கும் தன்மையை, கூட்ட எதைச் சேர்க்கலாம்?

படிகம் கெடவில்லை. 20 கெல்வினில் கண்ணி திறக்கிறதே, அதுவே சாட்சி. நீங்கள் பார்ப்பது அந்தப் பொருளின் இயல்பு. எதையாவது ஒரு சிட்டிகை சேர்த்து 77 கெல்வினில் அதை ஒய்பிசிஓ போல ஆக்கிவிடலாம் என்ற நினைப்பை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

மாறுநிலை வெப்பநிலையை வைத்துப் பின்னிங்கை எடைபோடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உங்கள் படிகத்தின் 88, ஒய்பிசிஓவின் 92 என்ற இரண்டு எண்களுக்கும் இடையே இருப்பது வெறும் 4 கெல்வின். அதனால் இங்கே ஒன்றும் ஆகிவிடாது. மாறுநிலை வெப்பநிலை சொல்வது, மின்தடையின்றி ஓடும் எலக்ட்ரான் ஜோடிகளான கூப்பர் இணைகள் எப்போது சேர்கின்றன என்பதை. உள்ளே நுழைந்த காந்தச் சுழல்கள் இடம்பெயராமல் நிற்குமா என்பதைச் சொல்வது வேறொரு கோடு, மீளாமைக் கோடு. முல்லர், தகாஷிகே, பெட்னார்ஸ் மூவரும் 1987-லேயே குப்ரேட்டுகளில், அதாவது தாமிர ஆக்சைடு மீகடத்திகளில், இதைக் காட்டினார்கள். புலம் அடுக்குகளுக்குச் செங்குத்தாக இருக்கும்போது, 77 கெல்வினில் மீளாமைப் புலம் ஒய்பிசிஓவுக்குச் சில டெஸ்லா. உங்கள் படிகத்தின் உறவுப் பொருளான பிஸ்மத்-2223-க்கு ஒரு டெஸ்லாவில் சில பத்தில் ஒரு பங்கு. பிஸ்மத்-2212-க்கோ மில்லிடெஸ்லா கணக்குதான். நீங்கள் வைத்த நியோடிமியம் காந்தம் சில மில்லிமீட்டர் தூரத்தில் 100 மில்லிடெஸ்லாவுக்குக் குறையாமல் கொடுக்கும். அந்தப் புலத்தில் உங்கள் படிகத்துக்குள் இருப்பது சுழல்களின் திரவம். திரவத்தில் காந்தத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்பதை எண்களோடு பார்த்துவிடலாம். பின்னால் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

இரண்டாம் வகை மீகடத்திக்குள் புலம் சுழல்களாக நுழையும் என்று அப்ரிகோசோவ் 1957-ல் சொன்னார். ஒவ்வொரு சுழலும் சுமப்பது 2.07×10⁻¹⁵ வெபர் காந்தப்பாயம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1 டெஸ்லாவில் சுழலுக்குச் சுழல் இடைவெளி 49 நானோமீட்டர், 0.1 டெஸ்லாவில் 155. சுழலின் நடுவே, மீகடத்துத் தன்மை செத்துப்போன ஒரு மையக்கரு இருக்கும். அதன் ஆரம் ஒத்திசைவு நீளத்தின் அளவு. ஒய்பிசிஓவில் அடுக்குத் தளத்துக்குள் சுமார் 1.5 நானோமீட்டர். அதைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் 150 நானோமீட்டர் வரை பரவியிருக்கும்.

மின்னோட்டம் செலுத்தினால் சுழல்மேல் லாரன்ஸ் விசை விழும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியர் என்றால், சுழலின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2×10⁻⁵ நியூட்டன். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். அதாவது மின்தடை திரும்பி வந்துவிடும். குறைபாடே இல்லாத சுத்தமான படிகம் இந்த விஷயத்தில் உதவாது. கூப்பர் இணைகள் உடைகிற எல்லை, ஒய்பிசிஓவில் தாழ்ந்த வெப்பநிலையில், சதுர சென்டிமீட்டருக்கு 30 கோடி ஆம்பியர் வரை போகும். நல்ல படலங்களே 77 கெல்வினில், வெளிப்புலம் இல்லாமல், சில பத்து லட்சம் ஆம்பியரில் நின்றுவிடுகின்றன. சுழல் எப்போது நழுவுகிறதோ அதுதான் நடைமுறை எல்லை.

குறைபாடு எப்படிப் பிடிக்கிறது? மையக்கரு போகுமிடமெல்லாம் அங்குள்ள மீகடத்து நிலையைக் கொன்றுதான் போக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவு. ஏற்கெனவே செத்துக் கிடக்கும் ஓர் இடத்தில் கரு உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். அதனால் பின்னிங் மையத்தின் அளவு கருவின் அளவை ஒட்டி இருக்க வேண்டும், 2 முதல் 10 நானோமீட்டர் வரை. அதைவிடப் பெரிய துணுக்கு, மின்னோட்டம் ஓட வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு வீணாக நிற்கும். அதன் விளிம்பு மட்டும்தான் வேலை செய்யும். ஒற்றை ஆக்சிஜன் வெற்றிடம் மாதிரி அணு அளவுக் குறைபாடுகள் தனித்தனியே பலவீனம். கூட்டாகச் சேர்ந்து பிடிக்கும் என்பதை லார்க்கினும் ஒவ்சின்னிகோவும் 1979-ல் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டுப் பிடி 77 கெல்வின் வெப்ப அசைவில் சீக்கிரமே கரைந்துவிடும்.

இப்போது முக்கியமான கணக்கு. ஒய்பிசிஓவின் வெப்ப இயக்கவியல் மாறுநிலைப் புலத்தைத் தோராயமாக 1 டெஸ்லா என்று வையுங்கள். அப்போது ஒரு கனமீட்டருக்கு 4×10⁵ ஜூல் மிச்சமாகும். கருவின் குறுக்குப்பரப்பு 7×10⁻¹⁸ சதுர மீட்டர், ஓர் அடுக்கின் உயரம் 1.2 நானோமீட்டர். மூன்றையும் பெருக்கினால் ஓர் அடுக்கில் கிடைக்கும் பின்னிங் ஆற்றல் 3.4×10⁻²¹ ஜூல், வெப்பநிலையாக மாற்றினால் 250 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. இது பூஜ்ஜியக் கெல்வின் மதிப்பு. 77 கெல்வினில் சுமார் பாதியாகச் சரியும், 125 என்று கொள்ளலாம்.

சுழல் தன் குழிக்குள் நொடிக்கு ஆயிரம் கோடி தடவை முட்டிப் பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஓர் அடுக்கு மட்டும் பிடித்திருக்கும்போது 125-ஐ 77-ஆல் வகுத்த 1.6-தான் அடுக்குக்குறி. அரை நானோநொடியில் கழன்றுவிடும். 20 அடுக்குகள் ஒன்றாகப் பிடித்திருந்தால் ஆற்றல் 2500 கெல்வின், காத்திருக்கும் நேரம் மூன்றரை மணி. 30 அடுக்குகள் என்றால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மின்னோட்டம் ஓடும்போது தடுப்பின் உயரம் குறையும் என்பதால் நடைமுறை எண்கள் இதைவிட மோசம்தான். ஆனால் போக்கு இதுதான்: பிடிப்பது எத்தனை வலுவானது என்பதைவிட, எத்தனை அடுக்குகள் ஒரே கோடாகச் சேர்ந்து பிடிபடுகின்றன என்பதுதான் விதியைத் தீர்மானிக்கிறது. 20-க்கும் 30-க்கும் நடுவே ஒரு பிற்பகலும் ஒரு நாகரிகமும் அடங்கிவிடுகின்றன.

அடுக்குப் பொருள் சிக்கலாவது இங்கேதான். மீகடத்தல் நடப்பது தாமிர ஆக்சைடு அடுக்குகளில். அவற்றுக்கு நடுவே இருப்பது கிட்டத்தட்ட மின்காப்பு. கூப்பர் இணைகள் ஜோசப்சன் சந்தி வழியே தாண்டித்தான் அடுத்த அடுக்குக்குப் போகும். ஆகவே புலம் செங்குத்தாக இருக்கும்போது ஒரு சுழல் என்பது முழுக் கம்பி அல்ல, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு வட்டு. தோசைகளை அடுக்கி வைத்தது போல. ஜான் கிளெம் 1991-ல் இதைத் தெளிவாக எழுதினார். பான்கேக் சுழல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்த வட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது காந்த ஈர்ப்பும் ஜோசப்சன் பிணைப்பும். அந்தப் பிணைப்பு எவ்வளவு பலவீனம் என்பதைத் திசைச்சார்பு எண் சொல்லும். ஒய்பிசிஓவுக்கு 5 முதல் 7 வரை. பிஸ்மத்-2212-க்கு, ஆக்சிஜன் அளவைப் பொறுத்து, 100-ஐத் தாண்டும்.

அடுக்கு இடைவெளியைத் திசைச்சார்பு எண்ணால் பெருக்குங்கள். பிஸ்மத்-2212-க்கு 1.5 நானோமீட்டர் பெருக்கல் 150, அதாவது 225 நானோமீட்டர். ஒரே அடுக்கில் பக்கத்துச் சுழல் இந்தத் தூரத்தைவிட நெருங்கி வந்துவிட்டால், மேலடுக்கு வட்டோடு உள்ள உறவைவிடப் பக்கத்து வட்டின் விலக்கம் பெரிதாகிவிடும். அதற்கான புலம், ஒரு சுழலின் காந்தப்பாயத்தை அந்தத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது: சுமார் 0.04 டெஸ்லா. அதற்கு மேலே அடுக்குகள் தங்கள் போக்கில் போகத் தொடங்கும். இதே கணக்கை ஒய்பிசிஓவுக்குப் போட்டால் சுமார் 40 டெஸ்லா வரும். உங்கள் ஆய்வகத்துக் காந்தம் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

சுழல் அணி உருகும் புலம் தோராயமாகத் திசைச்சார்பு எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும். 150-க்கும் 6-க்கும் விகிதம் 25, வர்க்கம் 625. ஒய்பிசிஓவின் 7 டெஸ்லாவை 625-ஆல் வகுத்தால் 11 மில்லிடெஸ்லா. கரடுமுரடான கணக்குதான், ஆனால் பிஸ்மத்-2212-இல் உண்மையில் அளக்கப்படும் எண்ணின் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த உருகல், பனிக்கட்டி உருகுவது மாதிரியே முதல்வகை நிலைமாற்றம் என்பதை ஸெல்டோவ் குழு 1995-ல், காந்தப்புலத்தை அளக்கும் சின்னஞ்சிறு ஹால் உணரிகளை வரிசையாக வைத்து, இதே பிஸ்மத்-2212 படிகத்தில் காட்டியது.

இதனால் பிஸ்மத்-2212 உதவாக்கரை என்று நினைத்துவிடாதீர்கள். 4.2 கெல்வினில் வெப்ப அசைவு அடங்கியபின் அது 20 டெஸ்லாவுக்கு மேலேயும் மின்னோட்டம் சுமக்கும். வட்டக் கம்பியாகவே இழுக்க முடிவதால், உயர்புலக் காந்தம் செய்பவர்கள் அதை விடுவதில்லை.

அளவீட்டுக்கு வருவோம். 20 கெல்வின் கண்ணியிலிருந்து மாறுநிலை மின்னோட்ட அடர்த்தியை எடுக்க, பீன் 1962-ல் கொடுத்த மாதிரியே போதும். செவ்வகத் தகட்டுக்குச் சூத்திரம் இது: கண்ணியின் அகலத்தை, அதாவது ஒரு கனசென்டிமீட்டருக்கு ஈஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு) கணக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, 20-ஆல் பெருக்குங்கள். சிறிய பக்கத்தைப் பெரிய பக்கத்தின் மூன்று மடங்கால் வகுத்து, 1-லிருந்து கழித்து, அதைச் சிறிய பக்கத்தால் பெருக்கி, வரும் எண்ணால் வகுங்கள். பக்கங்கள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். விடை சதுர சென்டிமீட்டருக்கு ஆம்பியர்.

உதாரணத்துக்கு 1 மில்லிமீட்டர், 1.5 மில்லிமீட்டர் பக்கங்களும் 50 மைக்ரோமீட்டர் தடிமனும் உள்ள படிகம். கன அளவு 7.5×10⁻⁵ கனசென்டிமீட்டர். கருவி காட்டும் வித்தியாசம் 0.03 ஈஎம்யூ என்றால், கன அளவால் வகுத்து 400. மேலே 8000, கீழே 0.1 பெருக்கல் 0.778, அதாவது 0.0778. விடை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பிஸ்மத்-2212-க்கு 20 கெல்வினில், குறைந்த புலத்தில் இது நம்பக்கூடிய எண். பத்து லட்சம் வந்தால் தடிமனைத் தப்பாக அளந்திருக்கிறீர்கள். ஒளி நுண்ணோக்கியில் மேலிருந்து பார்த்துத் தடிமனைக் கணிக்காதீர்கள். எடையையும் அடர்த்தியையும் வைத்து எடுங்கள், அல்லது படிகத்தை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள்.

இதில் பிழை நுழையும் வழிகள் சில உண்டு. ஒரு திசைப் புலத்திலிருந்து திரும்பும்போது, சுழல்கள் மையம் வரை முழுதாக நுழைந்த பிறகுதான் பீன் கணக்கு செல்லும். கண்ணியின் மூலைகளில் படிக்காதீர்கள். தூளையோ, துகள்கள் ஒட்டி நிற்கும் வில்லையையோ வைத்துவிட்டு வில்லையின் வெளி அளவைச் சூத்திரத்தில் போட்டால் விடை பல மடங்கு குறைந்து வரும். அங்கே மின்னோட்டம் சுற்றுவது ஒவ்வொரு துகளுக்குள்ளேதான். புலம் செங்குத்தாக விழும் மெல்லிய தகட்டின் விளிம்பில், நீங்கள் செலுத்தும் புலத்தைவிட உண்மையான புலம் வெகுவாகக் கூடுதலாக இருக்கும். ஆகவே முதல் ஊடுருவல் புலத்தை அப்படியே எழுதக் கூடாது. அப்புறம், வி.எஸ்.எம். (மாதிரியை அதிரவைத்துக் காந்தமாக்கத்தை அளக்கும்) கருவியில் கிடைக்கும் அடர்த்தியை, மின்னோட்டத்தை நேரடியாகச் செலுத்தி மின்னழுத்தத்தை அளக்கும் நான்கு முனை முறையில் கிடைத்ததோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். நான்கு முனை முறையில் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்பது வழக்கமான வரம்பு; காந்த அளவீட்டில் மின்புலம் அதைவிட நூறு, ஆயிரம் மடங்கு குறைவு. சுழல்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும் பொருளில் இந்த வித்தியாசம் விடையை மாற்றிவிடும்.

20 முதல் 40 கெல்வினுக்குள், சில பத்து மில்லிடெஸ்லா புலத்தில், கண்ணி நடுவே மறுபடியும் தடித்து ஓர் அம்புமுனை தெரிந்தால் அழுக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பிஸ்மத்-2212-க்கே உரிய இரண்டாவது உச்சம் அது. ஒழுங்கான சுழல் அணி கலைந்து, வட்டுகள் அவரவர் அடுக்கில் கிடைத்த குறைபாட்டில் உட்காரும் இடம். நல்ல படிகத்தில்தான் அது தெளிவாகத் தெரியும்.

ஊர்தலையும் கட்டாயம் அளங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஆனால் திட்ட அறிக்கையில் பெரும்பாலும் காணோம். புலத்தை ஏற்றி நிறுத்தி, அதன்பின் ஒரு மணி நேரம் காந்தத் திருப்புத்திறனைப் பதிவு செய்து, இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்து வரையுங்கள். சாய்வுதான் ஊர்தல் வீதம். ஒய்பிசிஓவில் பரந்த வெப்பநிலை இடைவெளியில் இது 0.02 முதல் 0.035 வரை நிற்கும். ஆண்டர்சன் 1962-ல் முன்வைத்த மாதிரியில் இது வெப்ப ஆற்றலுக்கும் பின்னிங் தடுப்புக்கும் உள்ள விகிதம். உங்கள் படிகத்தில் வெப்பநிலை ஏற ஏற இந்த எண் எப்படி எகிறுகிறது என்று வரைந்தாலே, கேள்வியில் நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் உங்கள் சொந்தத் தரவிலிருந்தே வந்துவிடும்.

இனி, எதைச் சேர்ப்பது. பிஸ்மத்-2212-இல் கைக்கு எட்டும் முதல் வழி, குறைபாட்டைக் கூட்டுவதைவிட அடுக்குகளை நெருக்கமாகப் பிணைப்பது. 400 முதல் 500 டிகிரி செல்சியஸில், ஓடும் ஆக்சிஜனில் இரண்டு மூன்று நாள் பதப்படுத்தி, சட்டென்று குளிர்வித்தால் ஆக்சிஜன் மிகுந்து திசைச்சார்பு குறையும். மாறுநிலை வெப்பநிலை 80 கெல்வின் பக்கம் இறங்கும். மீளாமைப் புலம் ஏறும். வழிகாட்டி, மாறுநிலை வெப்பநிலை குறைந்துவிட்டதே என்று முகம் சுளித்தால், இரண்டு கண்ணிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டாவது வழி ஈயம். பிஸ்மத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை ஈயத்தால் மாற்றினால் அடுக்குப் பிணைப்பு நன்றாகவே கூடும். ஈய ஆக்சைடு சூட்டில் ஆவியாகும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எடையிட வேண்டும்; அது நச்சு என்பதால் புகை உறிஞ்சும் அறைக்கு வெளியே இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

உண்மையில் வலுவான வழி, கனமான அயனிகளால் படிகத்தைக் குறுக்கே துளைப்பது. அயனி போன பாதை 7, 8 நானோமீட்டர் விட்டமுள்ள உருக்குலைந்த தூணாக நின்றுவிடும். மேலடுக்கு முதல் கீழடுக்கு வரை வட்டுகளெல்லாம் அதே தூணில் உட்காருவதால், பிரிந்து கிடந்தவை மறுபடி ஒரே கோடாகச் சேர்ந்துவிடும். மேலே போட்ட 20, 30 அடுக்குக் கணக்கு இங்கேதான் பலிக்கிறது. ஒய்பிசிஓவில் 580 மெகா எலக்ட்ரான்வோல்ட் வெள்ளீய அயனிகளால் இதை சிவேல் குழு 1991-ல் செய்துகாட்டியது.

எத்தனை அயனி வேண்டும்? ஒவ்வொரு சுழலுக்கும் ஒரு தூண் என்றால் 1 டெஸ்லாவுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 4.8×10¹⁰. 2 டெஸ்லாவுக்கு 10¹¹ என்று வைத்தால், தூண்கள் அடைத்துக்கொள்ளும் பரப்பு 5 சதவீதம். பேராசைப்பட்டு 10 டெஸ்லாவுக்குப் போனால் கால்வாசிப் படிகம் செத்துவிடும். மாறுநிலை வெப்பநிலையும் கூடவே சரியும். கற்றையின் அளவிலும் கவனம் வேண்டும். ஒரு பார்ட்டிகிள் நானோஆம்பியர் என்றால் நொடிக்கு 624 கோடி அயனி. ஒரு சதுர சென்டிமீட்டரில் விரித்தால் 10¹¹-ஐ 16 நொடியில் கொட்டிவிடும். கட்டுப்படுத்த முடியாது. அதை 0.05-க்கு இறக்கினால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும், படிகமும் சூடாகாது.

நம் ஊர்ப் பக்கத்தில் கல்பாக்கத்தில் 1.7 மெகாவோல்ட் டாண்டட்ரான் அயனி முடுக்கி இருக்கிறதே என்று தோன்றலாம். அந்த ஆற்றலில் வரும் அயனிகள் தூண் போடாது. அணுக்களை இடித்துப் புள்ளிக் குறைபாடுகளையும் சிறு கொத்துகளையும்தான் உண்டாக்கும். தொடர்ச்சியான தூண் வேண்டுமென்றால், அயனி ஒவ்வொரு நானோமீட்டருக்கும் சுமார் 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களிடம் இழக்க வேண்டும். டெல்லியில் இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பெல்லெட்ரான் முடுக்கியில் கிடைக்கும் 200 மெகா எலக்ட்ரான்வோல்ட் வெள்ளி அயனி இந்த வரம்பைத் தாண்டும். ஆனால் அது படிகத்துக்குள் பத்துப் பன்னிரண்டு மைக்ரோமீட்டர்தான் போகும். 50 மைக்ரோமீட்டர் படிகத்தை அப்படியே கொண்டுபோனால் தூண்கள் பாதிவழியில் முடிந்துவிடும். செலோடேப்பால் இரண்டு பக்கமும் உரித்து 10 மைக்ரோமீட்டருக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிஸ்மத் ஆக்சைடு இரட்டை அடுக்கின் நடுவே அது எளிதாகப் பிளக்கும். கற்றை நேரத்துக்கு முன்மொழிவு எழுதிக் காத்திருக்க வேண்டும் என்பதால், ஒரு செமஸ்டர் திட்டப்பணிக்கு இதை நம்பி இறங்குவது விவேகம் அல்ல.

77 கெல்வினிலேயே காந்தம் நிற்க வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால், பொருளை மாற்றுங்கள். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. இட்ரியம் ஆக்சைடு 2.258 கிராம், பேரியம் கார்பனேட் 7.894 கிராம், தாமிர ஆக்சைடு 4.773 கிராம் கலந்து, 900 முதல் 930 டிகிரியில் இரண்டு மூன்று முறை சுட்டு அரைத்து, 940-ல் ஆக்சிஜனில் இறுக்கினால் 13.3 கிராம் ஒய்பிசிஓ வரும். மாறுநிலை வெப்பநிலையும் 90-க்கு மேல் வரும். ஆனால் துகள் எல்லைகளில் மின்னோட்டம் அடிபட்டுவிடும். வில்லை முழுதும் பார்த்தால் 77 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியர்தான். அடுத்தடுத்த துகள்கள் சில டிகிரி கோணம் திரும்பியிருந்தாலே எல்லை வழியே போகும் மின்னோட்டம் மளமளவென்று சரியும் என்பதை டிமோஸ், சௌதரி, மன்ஹார்ட் 1988-ல் அளந்துவிட்டார்கள். இந்த வில்லையின்மேல் காந்தம் மிதக்கும், தலைகீழாகத் தொங்காது.

தொங்குவது உருக்கி வளர்த்த ஒற்றைத் துகள் வில்லை. செய்முறைப் பெட்டியில் வந்தது பெரும்பாலும் அந்த வகைதான். ஒய்பிசிஓ தூளோடு, மோல் கணக்கில் 30 முதல் 40 சதவீதம் பச்சை நிற 211 கட்டத்தை (Y₂BaCuO₅) சேர்த்து, அதன் துணுக்குகள் பருக்காமல் இருக்க எடையில் அரை முதல் ஒரு சதவீதம் சீரியம் ஆக்சைடு கலந்து அழுத்துவார்கள். மேலே சமேரியம் விதைப் படிகம். 1045 டிகிரி வரை ஏற்றி ஒரு மணி நேரம், பிறகு வேகமாக 1015-க்கு இறக்கி, அங்கிருந்து மணிக்கு அரை டிகிரி வீதம் 975 வரை. கணக்குப் போட்டால் 80 மணி நேரம், மூன்று நாளுக்கு மேல் உலை தொடர்ந்து ஓட வேண்டும்.

தவறுவதும் இங்கேதான். 1060-ஐத் தொட்டால் விதை கரையும். நடுவில் மின்சாரம் போய் 30 டிகிரி இறங்கினால் ஓரங்களில் புதுத் துகள்கள் முளைத்து வில்லை பல துண்டாகிவிடும். கட்டுப்படுத்தியை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுப் பயனில்லை, சூடேற்றும் கம்பிக்கும் ஜெனரேட்டர் வேண்டும். கே வகை வெப்ப இரட்டை இந்த வெப்பத்தில் நாளாக ஆக விலகும், எஸ் வகை வாங்குங்கள். உருகிய பேரியம் தாமிரத் திரவம் அலுமினாவைத் தின்றுவிடும் என்பதால் அடியில் இட்ரியம் ஆக்சைடு தூளைப் பரப்புங்கள். கடைசியில் 400 முதல் 450 டிகிரியில் ஓடும் ஆக்சிஜனில் 150 மணி நேரமாவது வைக்க வேண்டும். இதைச் சுருக்கினால் வெளி ஓடு மட்டும் மீகடத்தியாகும், உள்ளே வெறும் கருங்கல்.

படலம் வளர்ப்பவர்கள் வேறு வழியில் போகிறார்கள். 2 முதல் 5 மோல் சதவீதம் பேரியம் சிர்கோனேட் சேர்த்தால், லேசர் படிவிப்பின்போதே அது 5 முதல் 10 நானோமீட்டர் தூண்களாகத் தானே எழும்பி நிற்கும். அணி அளவு ஒன்பது சதவீதம் பொருந்தாததுதான் அதை அப்படி எழும்ப வைக்கிறது. அதே பொருந்தாமை, அளவு மிஞ்சினால் மாறுநிலை வெப்பநிலையைக் கீழே இழுக்கும். உலையும் அரவையும் மட்டும் உள்ள ஆய்வகத்துக்கு இது பொருந்தாது.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இட்ரியம் ஆக்சைடு காற்றிலிருந்து நீரையும் கரியமில வாயுவையும் இழுக்கும். 900 டிகிரியில் சுட்டு, சூடு ஆறியவுடன் எடையிடாவிட்டால் கலவை விகிதமே தப்பும். ஒய்பிசிஓ பரப்பில் தண்ணீர் பட்டால் பேரியம் வெளியேறி வெள்ளைப் பூச்சாகப் படியும். நைட்ரஜனிலிருந்து எடுத்த வில்லையில் ஐப்பசி, கார்த்திகையில் பனி படிந்து அரை நிமிடத்தில் தண்ணீராக வழியும். எடுத்ததும் ஜிப் பையில் போட்டு மூடி, அறை வெப்பநிலைக்கு வந்தபின் பையைத் திறந்து, 60 டிகிரியில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்திக் கலத்தில் வையுங்கள். பிஸ்மத் படிகம் இதில் அவ்வளவு நொய்மையானது இல்லை.

எந்தப் பொருளாக இருந்தாலும் புலத்தின் திசையை எழுதாமல் மாறுநிலை மின்னோட்டத்தை எழுதாதீர்கள். புலம் அடுக்குகளுக்கு இணையாக இருந்தால், ஒய்பிசிஓவில் செங்குத்து ஒத்திசைவு நீளம் 0.3 நானோமீட்டர்தான், அடுக்கு இடைவெளியைவிடச் சிறியது. கரு இரண்டு அடுக்குக்கு நடுவே தானே ஒடுங்கிக்கொள்ளும், குறைபாடே வேண்டாம். சில டிகிரி சாய்ந்தாலும் எண் மாறும். படிகத்தைக் குச்சியில் ஒட்டும்போது கிரீஸ் ஒரு பக்கம் தடித்து 5 டிகிரி சாய்வதெல்லாம் சாதாரணம்.

உங்களிடம் ஹீலியம் இல்லை, 20 கெல்வின் தரவு வெளியில் எடுத்தது என்றால், கல்லூரியிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நைட்ரஜன் குடுவையை ரோட்டரி பம்பால் இழுத்து, ஆவி அழுத்தத்தை 130 டார் (பாதரச மில்லிமீட்டர்) பக்கம் கொண்டுவந்தால் 65 கெல்வின் கிடைக்கும். 94 டாருக்குக் கீழே போகாதீர்கள், 63 கெல்வினில் நைட்ரஜன் உறைந்துவிடும். குடுவை வெற்றிடத்தைத் தாங்கும் வகையா என்று முதலில் பாருங்கள்; சாதாரண தெர்மாகோல் பெட்டியில் இது நடக்காது. ஹால் உணரியைப் படிகத்தின் முகத்தில் ஒட்டி, புலத்தைப் பத்து மில்லிடெஸ்லாவுக்குள் ஏற்றி இறக்குங்கள். 77-ல் கோடாகக் கிடந்த கண்ணி 65-ல் மெல்லத் திறப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு கெல்வினிலும் எந்தப் புலத்தில் மூடுகிறது என்று குறித்தால் மீளாமைக் கோட்டின் மேல்பகுதி உங்கள் கையில். பம்பின் கேஸ் பலாஸ்ட்டை (ஈர ஆவியை வெளியேற்ற உதவும் வால்வை) திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரம் எண்ணெயைப் பாழாக்கிவிடும்.